இல்லாத வண்டியின் புள்ளிகள்

எங்கள் தெருவில் ஒழுங்காக வாழ்வதற்கு மார்க் போட்டார்கள். நான் வாங்கியது சைபர். பள்ளிக்கூடத்தில்கூட நான் சைபர் வாங்கியதில்லை. கணக்கில் தட்டுத் தடுமாறியாவது முப்பத்தைந்தைத் தொட்டுவிடுவேன். அதனால்தானோ என்னவோ அந்தச் சைபர் இன்னும் உறுத்துகிறது. உறுத்துவதற்கு வேறு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் எங்கள் தெருவுக்கு அரை மணி நேரம் ஆகும். நான் தா.பழூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் பாடாலூரில் ஹைவே ஓரத்து டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை இல்லை. தினமும் இரண்டு வேளை ஊசி போட்டால்தான் பிள்ளை எழுந்து நடமாடுவாள். மருந்தை ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதைக் கெடாமல் குளிர்ச்சியில் வைத்திருப்பதுதான் நம் பாடு. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது.

மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் பிரச்சினை இல்லை. ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் மருந்துப் புட்டியை வைத்துச் சமாளித்துவிடலாம். மாசி பிறந்துவிட்டால் பெரம்பலூர் வெயிலுக்கு முன்னால் மண்பானை என்ன செய்யும்? அப்போதெல்லாம் அடுத்த வீட்டு அக்காவின் ஃபிரிட்ஜ்தான் கதி. அவள் வீட்டுக்காரர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மகன் பெங்களூரில். மாடி வீடு, கார், இரண்டு ஏசி. ஆனால் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முருங்கைக்கீரை பறித்தால் எங்களுக்கும் ஒரு பிடி வரும். என் மகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். காலையில் ஒரு முறை, பொழுது சாய ஒரு முறை, சின்ன எவர்சில்வர் டப்பாவோடு போய் பெல் அடித்து மருந்தை எடுத்து வருவாள். ஊசி போட்டதும் திரும்பக் கொண்டுபோய் வைப்பாள். ஒரு நாளைக்கு நான்கு முறை அந்த வீட்டு பெல்லை அடிக்க வேண்டும். சில நாள் கதவு திறக்கத் தாமதமாகும். சில நாள் விருந்தாளிகள் இருப்பார்கள். "யாரு இந்தப் புள்ள?" என்று அவர்கள் கேட்க, "பக்கத்து வூட்டுப் புள்ளைங்க, பாவம், சுகர்" என்று அக்கா சொல்வாள். அந்தப் "பாவம்" என்கிற சொல்லை என் மகள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து என்னிடம் அப்படியே சொல்லிக்காட்டினாள். பிள்ளை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இப்படி இருக்கும்போதுதான் புரட்டாசி மாதத்தில் அந்தத் திட்டம் வந்தது. அரியலூரில் ஆபீஸ் போட்டிருந்த ஒரு தொண்டு அமைப்பு நடத்தியது. புகையைக் குறைத்து, கரண்ட்டைக் குறைத்து, பிளாஸ்டிக்கைக் குறைத்து வாழ்கிற குடும்பங்களுக்குப் புள்ளி கொடுப்பார்களாம். கடையில் சாமான் வாங்கினால் கார்டில் புள்ளி ஏறுமே, அதே மாதிரி. புள்ளி சேர்ந்தால் பரிசு. போனில் ஒரு ஆப் போட்டுக்கொள்ள வேண்டும், செய்வதையெல்லாம் படம் எடுத்து அனுப்ப வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டிப் போய், ரோட்டோரத்து மரமெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு நிற்கிற அரியலூரிலிருந்து வந்து, என் வீட்டுப் பால் கவரை எண்ணுகிறார்களே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

முதலில் கணக்கெடுக்க வந்தார்கள். இங்கே எங்கள் தெருவின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கையில் பேப்பரோடு யார் தெருவுக்குள் நுழைந்தாலும், முதல் வீட்டுக்காரி கொல்லைப்பக்கமாகக் குரல் கொடுத்துவிடுவாள். "கணக்கெடுக்க வர்றாங்கடி!" அவ்வளவுதான், தெருவே வேலையில் இறங்கிவிடும். மிக்சி அலமாரிக்குள் போகும். புது டிவிக்கு மேல் போர்வை விழும். கழுத்துச் சங்கிலி முந்தானைக்குள் ஒளியும். இருக்கிறது என்று சொன்னால் ரேஷன் கார்டில் கை வைத்துவிடுவார்கள், மாதா மாதம் வரும் உரிமைத் தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். பைக் இருந்தால் தொகையை நிறுத்துவார்கள் என்று எந்த விதியும் இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விதியைக் கேட்டுக்கொண்டா பயம் வருகிறது? கேட்டால் இல்லை என்று சொல், அதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பதில்.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு லீவு. பைக் வாசலில் நின்றது. குரல் கேட்டதும் அவர் அதைத் தள்ளிக்கொண்டு போய்க் குளியலறைக்குப் பின்னால் நிறுத்தினார். நான் ஈரப் புடவை இரண்டை அதன்மேல் விரித்துப் போட்டேன். டேப்லட்டோடு வந்த பெண் சின்னப் பெண், வியர்த்து வழிந்துகொண்டு நின்றாள். தண்ணீர் கொடுத்தேன்.

"ஏசி இருக்காக்கா?"

"இல்லம்மா."

"ஃபிரிட்ஜ்?"

"இல்ல."

"டூவீலர்?"

"அதுக்கெல்லாம் எங்க போறது? பஸ்தான்."

அவள் கண் சுவரில் போய் நின்றது. ஆணியில் ஹெல்மெட் தொங்கியது. அதை மறந்துவிட்டோம்.

"ஹெல்மெட் இருக்கேக்கா?"

"அது என் தம்பியோடது. வந்தப்ப வெச்சுட்டுப் போயிட்டான்."

என் வீட்டுக்காரர் பின்பக்கம் இருமுவதுபோல் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தப் பெண் எல்லாவற்றையும் தட்டிவிட்டு, கண்ணாடித் திரையில் என் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னாள். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டோம் என்று அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே பெருமை. அடுத்த வீட்டு அக்கா மட்டும் கார், இரண்டு ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாளாம். அவள் பெயர் எந்த உதவித் தொகைப் பட்டியலிலும் இல்லை. உண்மையைச் சொன்னால் பறிபோக அவளிடம் ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்துத்தான் பரிசு என்னவென்று ஆப்பில் வந்தது. ஆறு மாதப் போட்டி. எங்கள் வார்டில் அதிகப் புள்ளி எடுக்கிற வீட்டுக்குக் கரண்ட் குறைவாக இழுக்கிற புது ஃபிரிட்ஜ். படத்தில் அது பால் வெள்ளையாக நின்றது. என் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கதவில் முட்டை வைக்கிற இடத்தைக் காட்டி, "என் மருந்து இங்க நிக்கும்மா" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்று சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "நாளையிலேர்ந்து வண்டிய எடுக்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாடாலூருக்குப் பைக்கில் போனால் கிளம்பினோமா சேர்ந்தோமா என்று இருக்கும். பஸ் என்றால் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு அரை மணி நடை, பஸ்ஸுக்குக் காத்திருப்பு, அங்கே இறங்கிக் கடைக்கு இன்னொரு நடை. நாளெல்லாம் குத்துக்காலிட்டு டயர் கழற்றுகிற மனிதர், மாலையில் அதே முழங்காலோடு திரும்பி நடக்க வேண்டும். தினமும் போகும்போது ஒரு டிக்கெட், வரும்போது ஒரு டிக்கெட், இரண்டையும் படம் எடுத்து அனுப்பினார். ஒரு நாள் மழையில் டிக்கெட் கரைந்துவிட்டது. மறுநாள் கண்டக்டரிடம் போய் நின்று, நேற்று நான் வந்தேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். அந்த மனிதர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தாராம். அதையும் படம் எடுத்து அனுப்பினோம்.

நானும் என் பங்குக்கு விடவில்லை. கடைக்குத் துணிப்பை கொண்டு போய்ப் படம். பகலில் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் மெஷினைத் திருப்பிப் போட்டுத் தைத்துப் படம். துணிப்பையும் ஜன்னல் வெளிச்சமும் எனக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். அதைப் படம் எடுத்ததுதான் புதுசு. எது அனுப்பினாலும் ஆப்பில் மஞ்சள் நிறத்தில் "பரிசீலனையில்" என்று வரும். பரிசீலிக்கட்டும் என்று இருந்தோம். மகள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பஸ் பயணங்களுக்குக் கோடு போட்டு வந்தாள். ஐந்து கோடுகளை ஒரு கட்டாகக் கட்டுவாள். பக்கம் நிரம்பி, அட்டையின் உள்பக்கமும் நிரம்பியது.

பங்குனி பிறந்தும் எங்கள் புள்ளி மஞ்சளாகவே நின்றது. அடுத்த வீட்டு அக்காவின் புள்ளி பச்சையாகி மளமளவென்று ஏறியது. அவள் என்ன செய்தாள்? இரண்டு ஏசியில் ஒன்றை நிறுத்தினாள். பனிக்காலத்தில்! காரை எடுக்காமல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஆட்டோவில் போனாள். மோட்டாரை அரை மணி நேரம் குறைத்துப் போட்டாள். சந்தேகம் தட்டியது. ரஃப் நோட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறினேன்.

ஆபீஸில் இருந்தவர் மரியாதையான இளைஞர். எழுந்து நாற்காலி போட்டார். என் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"உங்க வூட்ல டூவீலரே இல்லன்னு பதிவாயிருக்கேங்க."

"ஆமாங்க."

"அப்ப பஸ்ஸுல போறதுக்குப் புள்ளி வராதுங்க. நீங்க எப்பவுமே பஸ்தானே? வண்டிய நிறுத்துனவங்களுக்குத்தான் புள்ளி. இல்லாத வண்டிய எப்படிங்க நிறுத்துவீங்க?"

வண்டி இருக்கிறது சார், குளியலறைக்குப் பின்னால் புடவைக்கு அடியில் இருந்தது என்று எப்படிச் சொல்வது? "அந்தக் கணக்க மாத்த முடியுங்களா?" என்று மட்டும் கேட்டேன். மாற்றலாம், ஆனால் முதலில் கொடுத்தது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்றார். அந்தக் கையெழுத்து எங்கெங்கே போகும், யார் யார் பார்ப்பார்கள் என்று என் மனசு ஓடியது. வேண்டாம் என்றுவிட்டேன்.

அவருக்கு என் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "நீங்க வருத்தப்படாதீங்கக்கா. உங்க வூட்ல கொறைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. உண்மையில நீங்கதான் எங்களுக்கெல்லாம் முன்மாதிரி" என்றார். ஒரு சான்றிதழில் என் பெயரை எழுதிக் கொடுத்தார். மேலே பச்சை இலை போட்டிருந்தது. ரஃப் நோட்டை நான் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

ஏசி இல்லாதவளுக்கு ஏசியை நிறுத்திய புண்ணியம் கிடையாது. கார் இல்லாதவளுக்குக் காரை விட்ட புண்ணியம் கிடையாது. முதலில் நன்றாக அனுபவித்திருக்க வேண்டும், பிறகு அதில் ஒரு சொட்டு விட்டுக்கொடுக்க வேண்டும், அப்போதுதான் அது தியாகம். திரும்பி வருகிற பஸ்ஸில் இதையெல்லாம் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் யாரைத் திட்டுவது? அந்த ஒரே ஒரு பைக்கை, எங்களிடம் இருந்த ஒரே விட்டுக்கொடுக்கக் கூடிய பொருளை, இல்லை என்று சொன்னது என் வாய்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். எழுந்து பின்பக்கம் போய் பைக்கின் மேல் கிடந்த சாக்கை இழுத்தெறிந்துவிட்டு உதைத்தார். ஆறு மாதமாகக் கிடந்த வண்டி எப்படிக் கிளம்பும்? உதைத்து உதைத்து மூச்சு வாங்கினார். "இதுவும் பரிசீலனையில இருக்கு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். மகள் நாங்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "அப்ப ஃபிரிட்ஜ் வராதா?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

ஃபிரிட்ஜ் அடுத்த வீட்டு அக்காவுக்குத்தான் போயிற்று. அரியலூரில் ஒரு மண்டபத்தில் விழா வைத்துக் கொடுத்தார்கள். தெருவிலிருந்து வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள், நானும் போனேன். போகாமல் இருந்தால் பொறாமை என்பார்கள். மேடையில் அவளைப் பேசச் சொன்னார்கள். நம் முன்னோர்கள் எளிமையாக வாழ்ந்தார்கள் என்று நன்றாகவே பேசினாள். நானும் கைதட்டினேன்.

மறுநாள் டெம்போவில் ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. புதுசு ஹாலுக்குப் போயிற்று, பழசைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு நகர்த்தினார்கள். அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தா, இனிமே உன் புள்ள மருந்துக்குன்னு தனி ஃபிரிட்ஜே இருக்கு. பின் கேட்டத் தொறந்துதான் வெச்சிருப்பேன். முன்னாடி வந்து பெல் அடிச்சிட்டு நிக்க வேணாம், பாரு."

அவள் நல்லதாகத்தான் நினைத்துச் சொன்னாள். நல்லதுதான். ஒரு நாளைக்கு நான்கு முறை பெல் அடிக்கிற சங்கடம் பிள்ளைக்குத் தீர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு என் மகள் அந்த வீட்டு முன்வாசலை மிதிக்கவில்லை. காய்ந்த தேங்காய் மட்டைகளுக்கும் கிழிந்த மெத்தைக்கும் நடுவில் நின்ற ஃபிரிட்ஜைத் திறந்து, அவளே எடுத்து, அவளே வைத்துவிட்டு வந்தாள். "நல்லதுங்கக்கா" என்று நான் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டாம் சுற்றுப் போட்டி ஆரம்பித்தது. அக்கா புள்ளியில் ருசி கண்டுவிட்டாள். சித்திரை நடுவில் பெங்களூருக்கு மகன் வீட்டுக்குக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முதல் நாள் வந்து சொன்னாள், "பத்து நாளு பின் கேட்டப் பூட்டிட்டுப் போறேன். வேணுங்கிறத எடுத்துக்க." ஏற்கெனவே திறந்திருந்த புட்டி ஒன்றை மட்டும் எடுத்து வந்து மண்பானைக்குள் வைத்து, மணலுக்கு மணிக்கொரு தரம் தண்ணீர் விட்டேன். மிச்சம் இரண்டு புதுப் புட்டிகளை ஃபிரிட்ஜிலேயே விட்டுவிட்டேன். பானையைவிட அங்கே பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். இதையும் நான்தான் நினைத்தேன்.

அவள் திரும்பி வந்த இரண்டாம் நாள் பானையில் இருந்த புட்டி தீர்ந்தது. மகள் போய் ஃபிரிட்ஜிலிருந்து புதுப் புட்டியை எடுத்து வந்தாள். சில்லென்று இருந்தது. ஊசி போட்டோம். அதற்குப் பிறகு பிள்ளை சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். ஓயாமல் பாத்ரூம் போனாள். விரலில் குத்திப் பார்த்தால் மீட்டரில் எண் எங்கேயோ போய் நின்றது. மாம்பழக் காலம். திருட்டுத்தனமாக எதையோ தின்றிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"என்னடி தின்ன?"

"ஒண்ணும் திங்கலம்மா."

"பொய் சொல்லாத. மாம்பழமா? ஐஸா?"

"சத்தியமா இல்லம்மா."

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மறுநாள் காலையில் வாந்தி எடுத்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டாள், மூச்சு வேக வேகமாக வாங்கியது. ரிப்பேர் பார்த்து வைத்திருந்த அந்த பைக்கில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். நடுவில் அவளை உட்கார வைத்து, பின்னாலிருந்து நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "மருந்த எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃபிரிட்ஜுலதாங்க."

"கரண்ட் கட் ஆச்சா? நல்லா சூடு பட்டிருந்தா மருந்துல சத்து போயிரும். ஊசி போட்டும் போடாத மாதிரிதான். அந்தப் புட்டிங்கள இனிமே தொடாதீங்க."

இல்லை, கரண்ட் போகவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். பிள்ளைக்கு ஒரு கையில் சலைனும் இன்னொரு கையில் மருந்தும் ஏறிக்கொண்டிருந்தன. பொழுது போகாமல், பயத்தை மறக்க, போனை எடுத்துத் தெருக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். அக்கா ஊருக்குக் கிளம்பிய நாளின் படம் வந்தது. அவள் வீட்டு மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு, பக்கத்தில் கட்டை விரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறாள். கீழே எழுதியிருந்தாள்: "பத்து நாள் ஊருக்குப் போகிறோம். வீடு முழுக்க கரண்ட் ஆஃப். நூறு புள்ளி!" அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். மூன்றாவது கைதட்டல் என்னுடையது.

சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள், அணைத்துப் போட்ட ஃபிரிட்ஜில் பத்து நாள் வெந்திருக்கிறது என் பிள்ளையின் மருந்து. வந்ததும் அவள் சுவிட்சை மேலே தள்ளியிருக்கிறாள், திரும்பச் சில்லென்று ஆகிவிட்டது. படத்தை அன்றைக்கு நான் பார்க்காமல் இல்லை. அவள் எது போட்டாலும் உடனே கைதட்டிவிடுவேன். மருந்து அவள் வீட்டில் இருக்கிறதே, தட்டாமல் எப்படி இருப்பது? என்ன படம், என்ன எழுதியிருக்கிறாள் என்று எதற்காக யோசிக்கப் போகிறேன்? ஒன்றும் தின்னாத பிள்ளையை வேறு அடித்திருக்கிறேன். அவள் வரட்டும், ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரிடம் படத்தைக் காட்டிச் சத்தமாகவே சொன்னேன். அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு, டீ வாங்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள்தான் மகள் தெளிந்து பேசினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள் என்று தெரிந்தது.

"அம்மா."

"என்னடா?"

"பெரியம்மாகிட்ட சண்ட போட்டுராதம்மா. மருந்து வெக்க வேற வூடு இல்லல்ல."

அவள் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்தேன். அன்று மாலையே அக்கா வந்தாள். ஒரு கையில் துணிப்பை, அதில் ஆப்பிளும் சாத்துக்குடியும். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கடிந்துகொண்டாள்.

"என்னம்மா நீ? சுகர் இருக்கிற புள்ள, என்ன திங்கிறா ஏது திங்கிறான்னு பாக்க வேணாமா? கூடவே இருக்கிற நீ பாக்கலன்னா யாரு பாப்பா?"

மகள் என் புடவை ஓரத்தைப் பிடித்தாள். கட்டிலுக்கடியில் இருந்த ஸ்டூலை இழுத்து, முந்தானையால் துடைத்து, அக்காவுக்குப் போட்டேன்.

"உக்காருங்கக்கா. இனிமே பாத்துக்கிறேன்" என்றேன்.